“உங்க கம்மா மறுகா பாஞ்சுச்சா?” – காரங்காட்டுல ஒரு சுத்து நடை

நான் சின்னப் பையனா இருந்த காலத்துல, தை மாசம் அறுவடை முடிஞ்சதும் எங்க ஊருக்கு ஒரு கருவாட்டம்மா வருவாக. தலையில ஓலைப்பெட்டி, இடுப்புல சுருக்குப்பை. காசுக்கு விக்கிறதை விட நெல்லுக்கு மாத்துறதுதான் அதிகம். எங்க அப்பத்தா ஒரு படி நெல்லை அளந்து போட்டா, அந்தம்மா கை நிறைய கருவாட்டை அள்ளி முறத்துல வைக்கும். ஆனா பெட்டியை இறக்கினதும் முதல்ல கேக்குறது விலை இல்லை. “ஆத்தா, இந்த வருஷம் உங்க கம்மா மறுகா பாஞ்சுச்சா?” அதுதான் முதல் கேள்வி.

பாஞ்சுச்சுன்னு அப்பத்தா சொன்னா அந்தம்மா முகம் மலர்ந்துரும். இல்லைன்னா, “அப்ப எங்களுக்கும் பஞ்சந்தான்” அப்படின்னு சொல்லிட்டுப் பெட்டியைத் திறக்கும். நான் அப்ப நினைச்சது என்னன்னா, கண்மாய் நிறைஞ்சா எங்களுக்கு நெல் அதிகம், அதனால அந்தம்மாவுக்கும் நெல் அதிகம் கிடைக்கும், அதைத்தான் கேக்குறாகன்னு. நாப்பது வருஷத்துக்கு மேல அப்படித்தான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். போன தை மாசம் காரங்காட்டுல ஒரு சுத்து நடந்த பிறகுதான் அந்தக் கேள்விக்கு வேற அர்த்தம் இருக்குன்னு புரிஞ்சுச்சு.

எங்க ஊரு ராஜசிங்கமங்கலத்துக்கு மேற்க. மானாவாரி நெல்லும் குண்டு மிளகாயும்தான் எங்க பொழப்பு. காரங்காடு எங்களுக்குக் கிழக்க, கடலோரம். தேவிபட்டினத்துக்கும் தொண்டிக்கும் நடுவுல, கிழக்குக் கடற்கரைச் சாலையில இருந்து கிழக்க திரும்பிப் போகணும். மீனவ ஊரு. செங்கோல் மாதா கோவில் இருக்கு. கோட்டக்கரை ஆறு கடல்ல சேருற இடமும் அதுதான். ஆத்து வாய்ல அலையாத்திக் காடு. இப்ப சில வருஷமா வனத்துறை ஊர்க்காரங்களோட சேர்ந்து அங்க படகு விடுறாக. நண்டு, மீன்னு ஊர்ப் பொம்பளைக சமைச்சும் குடுக்குறாக.

சென்னையில வேலை பாக்குற என் தங்கச்சி மகன் பொங்கலுக்கு வந்திருந்தான். பிள்ளைகளுக்குப் படகு காட்டணும்னு கூட்டிட்டுப் போனோம். போன நேரம் கூட்டம் அதிகம், எங்க முறை வர ரெண்டு மணி நேரம் ஆகும்னு சொல்லிட்டாக. எனக்குப் பழக்கமான மீன்காரர் ஒருத்தர் அங்க இருந்தாரு. என் வயசு இருக்கும். “அண்ணே, சும்மா உக்காந்து என்ன செய்யப் போறீக, வாங்க ஒரு சுத்து நடந்துட்டு வருவோம்”னாரு. வனத்துறை ஆளுககிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பினோம்.

மலை ஏறுறது மாதிரி நினைச்சுக்காதீக. ஒரு ஜாண் மேடு கூட கிடையாது, தட்டையான தரை. ஊர்ல இருந்து ஆத்தோரமாப் போயி, காட்டோட வெளி ஓரத்தைத் தொட்டு, உப்புத் தரவையில ஏறி, ரோட்டைப் பிடிச்சு மறுபடியும் கோவில்கிட்ட வந்து சேர்ற ஒரு வட்டம். மெதுவா நடந்தா ஒன்றரை மணி நேரம். செருப்பைக் கழட்டிக் கையில வச்சுக்கிட்டா நல்லது, சேறு விடாது.

காட்டோரத்துல முதல்ல கண்ணுல படுறது மரம் இல்லை, வேர்தான். சேத்துக்குள்ள இருந்து பென்சிலை நட்டு வச்ச மாதிரி ஆயிரக்கணக்குல மேல நீட்டிக்கிட்டு இருக்கும். அலையாத்தியோட மூச்சு வேர். சேத்துக்குள்ள காத்து கிடையாது, அதனால வேரே மேல வந்து மூச்சு வாங்குது. இலையைக் கிள்ளி நாக்குல வச்சா கரிக்கும். உப்புத் தண்ணியைக் குடிச்சுட்டு, கூடுதல் உப்பை இலை வழியா வெளிய தள்ளுது. பிள்ளைக மாத்தி மாத்தி நக்கிப் பார்த்து முகத்தைச் சுளிச்சதுக.

உப்புத் தண்ணியில வளர்ற மரம்னா அதுக்கு நல்ல தண்ணி எதுக்குன்னு தோணும். எனக்கும் அப்படித்தான் தோணுச்சு. மீன்காரர் ஒரு சின்னக் கன்னைக் காட்டினாரு. “பெரிய மரம் உப்பைத் தாங்கும்ணே. இந்தக் கன்னு தாங்காது. கார்த்திகை மார்கழியில ஆத்துத் தண்ணி வந்து உப்பைக் குறைக்கணும், அப்பத்தான் விதை ஊணும். ஆறு வராத வருஷம் புதுக் கன்னு கம்மி.” அலையாத்தியைப் படிச்சவங்க சொல்றதும் இதேதான். இந்த மரங்க உப்பைத் தாங்குமே தவிர, வெறும் உப்புலயே செழிக்காது. ஆத்துத் தண்ணியும் அது கொண்டு வர்ற வண்டலும் கலக்குற இடத்துலதான் உசந்து வளரும். வெறும் கடல் தண்ணின்னா குட்டையா நின்னுரும்.

அந்த நேரத்துலதான் தங்கச்சி மகன் கேட்டான். “மாமா, இவ்வளவு தண்ணியும் வீணா கடலுக்குப் போகுதே, குறுக்க ஒரு தடுப்பணை கட்டுனா உங்க ஊருக்கெல்லாம் ஆகுமே?”

அவனைத் தப்புச் சொல்ல முடியாது. நானே அவன்கிட்ட இதை எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். மீன்காரர் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு: “தம்பி, அது வீணாப் போகலைப்பா. எங்க வீட்டுக்கு வருது.”

இதைச் சரியாப் புரிஞ்சுக்கணும்னா எங்க சீமையோட தண்ணி வரலாறைக் கொஞ்சம் சொல்லணும்.

ராமநாதபுரத்தைத் தண்ணியில்லாக் காடுன்னு சொல்லுவாங்க. அதிகாரிகளைத் தண்டனையா மாத்துற ஊருன்னு பேரு. வருஷத்துக்கு 800 மில்லிமீட்டர் சொச்சம் மழை, அதுவும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகைன்னு ரெண்டு மாசத்துல கொட்டித் தீர்த்துரும். மீதி மாசம் வெயில். அந்த ரெண்டு மாசத் தண்ணியைப் பிடிச்சு வைக்கத்தான் பாண்டியர் காலத்துல இருந்து கண்மாய் கண்மாயா வெட்டி வச்சாங்க. பாண்டியன் ராஜசிம்மன் பேரால இருக்குற ராஜசிங்கமங்கலம் பெரிய கண்மாயை ‘நாரை பறக்காத நாப்பத்தெட்டு மடை’ன்னு எங்க பக்கம் சொல்லுவாங்க. ஒரு கரையில கிளம்பின நாரை மறுகரை போய்ச் சேர முடியாத அகலமாம். கூட்டிச் சொன்ன பேச்சுதான். ஆனா மழை நல்லாப் பெய்ஞ்ச வருஷம் அந்தக் கரையில நின்னா கடலோன்னு தோணும்.

வைகையைப் பத்தி இன்னொரு பழைய பேச்சு உண்டு. சிவனுக்கு நஞ்சைக் கொடுத்தது கடல்ங்கிறதால, அந்தக் கடல்ல போய்ச் சேர மாட்டேன்னு வைகை கோவிச்சுக்கிச்சாம். புலவர்கள் பெருமையாப் பாடியிருக்காங்க. உண்மையில வழியெல்லாம் கண்மாய் குடிச்சு, கடைசியா ராமநாதபுரம் பெரிய கண்மாய்ல போய் முடிஞ்சுரும். அது நிறைஞ்சு வழிஞ்சாத்தான் ஆத்தங்கரைப் பக்கம் கடலைப் பாக்கும். கடலுக்குத் தண்ணி குடுக்காம இருக்குறதையே பெருமையாச் சொன்ன சீமை எங்களோடது. நான் வளர்ந்தது இந்தப் பெருமையிலதான்.

ஆனா கண்மாயை வெட்டினவங்க மறுகாலையும் சேர்த்துத்தான் வெட்டினாங்க. நகரத்துல இருக்குறவங்களுக்காகச் சொல்றேன். மடைங்கிறது வயலுக்குத் தண்ணி விடுற வழி. கலுங்குங்கிறது கண்மாய் நிறைஞ்சதும் மிச்சத் தண்ணி வெளிய வழியிற கல்கட்டு. அப்படி வழிஞ்சு போறதைத்தான் மறுகால் பாயுறதுன்னு சொல்றோம். மேல் ஊருக் கண்மாயோட மறுகால்தான் கீழ் ஊருக் கண்மாய்க்கு வரத்து. அந்தக் கீழ் ஊரு மறுகால் அதுக்கும் கீழ. இப்படிச் சங்கிலி மாதிரி கண்மாய்கள் கிழக்க இறங்கிக்கிட்டே போகும். சங்கிலியோட கடைசிக் கண்ணிக்குக் கீழ என்ன இருக்குன்னு நாங்க யாரும் யோசிச்சதே இல்லை. அங்கதான் கழிமுகமும் காடும் இருக்கு.

சேதுபதிகள் காலத்துலயும் தண்ணிக்கு அல்லாட்டம்தான். 1789-லேயே சேதுபதியோட பிரதானி முத்திருளப்ப பிள்ளை, மேற்க ஓடுற பெரியாத்துத் தண்ணியைக் கிழக்க திருப்ப முடியுமான்னு ஆள் அனுப்பிப் பார்த்தாரு. முடியும்னு தெரிஞ்சுச்சு, செய்யப் பணம் இல்லை. கொஞ்ச வருஷத்துல, 1795-ல, கும்பெனிக்காரன் சேதுபதியையே பதவியில இருந்து இறக்கிட்டான். 1803-ல சமஸ்தானம் ஜமீன் ஆயிருச்சு. பேஷ்குஷ் கட்டுறதே பெரும்பாடா இருந்த ஜமீன்ல, கண்மாய் மராமத்து பின்னாடி போயிருச்சு. ஊருக்கு ஊரு ஆளுக சேர்ந்து கண்மாயைச் செப்பனிடுற குடிமராமத்துப் பழக்கத்துக்கு 1858-ல ஒரு சட்டமே போட்டாங்க. பழக்கம் உயிரோட இருந்தா எதுக்குச் சட்டம்? 1895-ல பென்னிகுயிக் கட்டின பெரியாறு அணை திறந்துச்சு. அந்தத் தண்ணியால மதுரைப் பக்கம் செழிச்சுச்சு. முதல்ல யோசிச்ச சீமைக்கு வந்தது கொஞ்சம்தான். 1948-ல ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து கண்மாய்கள் சர்க்கார் கைக்குப் போச்சு. கண்மாய்க்குள்ள வண்டல் ஏறுச்சு, அதுக்கு மேல சீமைக்கருவேலமும் ஏறுச்சு.

வண்டல் ஏறினா கண்மாய் சீக்கிரம் நிறையும், சீக்கிரம் வழியும். சரியான வழி தூர் வார்றது. சுலபமான வழி கலுங்கை உசத்துறது. இங்கதான் எங்க வீட்டுக் கதை வருது.

நான் ஒன்பதாவது படிக்கும்போது ஒரு கார்த்திகை மாசம். மழை பாதியோட நின்னு போச்சு. கண்மாய் அப்பத்தான் மறுகால் பாய ஆரம்பிச்சிருந்துச்சு. கலுங்கு மேல வரிசையாக் கல்லு நட்டிருக்கும். கடைசி மழை சமயத்துல அந்தக் கல்லுகளுக்கு நடுவுல பலகை வச்சு மண் அணைச்சுக் கொஞ்சம் கூடுதலாத் தேக்கிக்கிறது பழைய வழக்கம்தான். ஆனா கீழ் ஊருக்குத் தண்ணி போன பிறகுதான் அடைக்கணும்னு எழுதாத முறை ஒண்ணு உண்டு. அன்னைக்கு ராத்திரி எங்க அப்பாவும் இன்னும் ஏழெட்டுப் பேரும் பனங்கட்டை, வைக்கோல், மண் மூட்டை எல்லாம் கொண்டு போய்க் கலுங்கை அடைச்சாங்க. நான் அரிக்கேன் விளக்கைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். மறுநாள் கீழ் ஊரு ஆளுக வந்தாக. சண்டை வரலை. ஒரு பெரியவர் கரையில உக்காந்து, “எங்க பயிரு பொதியில நிக்குதப்பா” அப்படின்னு மட்டும் சொன்னாரு. அப்பா பதில் பேசலை. அடைச்சது அடைச்சபடி இருந்துச்சு. எங்களுக்கு விளைஞ்சுச்சு. அவுகளுக்குச் சாவி.

அந்தத் தை மாசமும் கருவாட்டம்மா வந்தாக. அதே கேள்வியைக் கேட்டாக. அப்பத்தா “பாயலை”ன்னு சொல்லுச்சு. ஏன் பாயலைங்கிறதைச் சொல்லலை. நான் திண்ணையில உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்தேன்.

இப்ப மறுபடியும் நடைக்கு வருவோம். காட்டு ஓரத்தைத் தாண்டினா உப்புத் தரவை. வெள்ளை வெளேர்னு தரை, அங்கங்க உமிரிச் செடி சிவப்பா. தூரத்துல கூழைக்கடா ரெண்டு மூணு மிதந்துச்சு. உள்ளான் கூட்டம் ஒண்ணு தரையோட தரையா எழும்பித் திரும்பி உக்காந்துச்சு. “இந்தத் தரவை இப்படியே இருந்தா மரம் வராதா?”ன்னு கேட்டேன். “தண்ணி ஏறி இறங்குற வழி இருந்தா வரும்ணே, தேங்கிக் காஞ்சா வராது”ன்னாரு.

இதுக்கு ஒரு பெரிய சாட்சி நம்ம மாநிலத்துலயே இருக்கு. பிச்சாவரத்துலயும் முத்துப்பேட்டையிலயும் வெள்ளைக்காரன் காலத்துல அலையாத்தியைக் கூறு கூறாப் பிரிச்சு, ஒரு கூறுல இருக்குற மரம் பூராவையும் மொட்டையா வெட்டினாங்க. விறகுக்கு. வெட்டினா மறுபடி முளைச்சுரும்னு கணக்கு. முளைக்கலை. நிழல் போனதும் வெயில்ல ஈரம் வத்தித் தரை அமுங்கித் தாம்பாளம் மாதிரி குழிஞ்சிருச்சு. ஓதத்துல உள்ள வந்த தண்ணி வெளிய போக வழியில்லாமத் தேங்கி, காஞ்சு, உப்பு ஏறிப் போச்சு. சுதந்திரத்துக்குப் பிறகும் பல வருஷம் இந்த வெட்டு நடந்துச்சு. 1990-கள்லதான் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க, கால்நடையும் ஊர்க்காரங்களும்தான் காட்டை அழிச்சாங்கன்னு சொல்லிக்கிட்டு இருந்த பேச்சை மறுத்து, இந்தக் காரணத்தை எடுத்துச் சொன்னாங்க. மீன் முள்ளு மாதிரி ஒரு நடு வாய்க்கால், ரெண்டு பக்கமும் கிளை வாய்க்கால்னு வெட்டித் தண்ணி ஏறி இறங்க வழி செஞ்சாங்க. காடு திரும்ப வந்துச்சு. ஒரு விவசாயிக்கு இது விளங்காமப் போகுமா? வடிகால் இல்லாத வயல் உவர் ஏறிப் போகும்னு எங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

ஆத்துத் தண்ணி குறைஞ்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு வெளிய ரெண்டு பெரிய உதாரணம் இருக்கு. 1975-ல கங்கையில பராக்கா அணை வந்த பிறகு, வங்கதேசத்துப் பக்கம் கோடையில நல்ல தண்ணி குறைஞ்சு, சுந்தரவனத்துல உப்பு ஏறுச்சு. அந்தக் காட்டுக்குப் பேரைக் கொடுத்ததா சொல்ற சுந்தரி மரம் உச்சியில இருந்து காஞ்சு வர்றதுக்கு அதையும் ஒரு காரணமாச் சொல்றாங்க. பாகிஸ்தான்ல சிந்து நதியில அணையும் வாய்க்காலுமா எடுத்து, கழிமுகத்துக்குத் தண்ணி குறைஞ்சு, அங்க அலையாத்தியும் குறைஞ்சு போச்சு. கடல் ஏறி விளைநிலமும் உப்பாயிருச்சு. தண்ணியைத் தேக்கி விவசாயம் பண்ணினதும் விவசாயிதான், கடைசியில உப்புல நிலத்தை இழந்ததும் விவசாயிதான்.

இறால் கதையை மீன்காரர் சொல்லி முடிச்சாரு. இறால் முட்டை போடுறது கடல்ல. குஞ்சு கழிமுகத்துக்குள்ள வந்து, அலையாத்தி வேருக்கு நடுவுல ஒளிஞ்சு தின்னு வளர்ந்து, பெருசானதும் கடலுக்குத் திரும்பும். நண்டும் பல மீனும் அப்படித்தான் இந்த வேரை நம்பி இருக்கு. “ஆறு வந்த வருஷம் எங்களுக்கு இறாப்பாடு இருக்கும்ணே. வராத வருஷம் வலையைக் காயப் போட வேண்டியதுதான்.” அதைக் கேட்டப்பத்தான் எனக்குக் கருவாட்டம்மா ஞாபகம் வந்துச்சு. அந்தம்மா எங்க நெல்லை விசாரிக்கலை, அவுக கடலை விசாரிச்சாக. எங்க கலுங்குல வழியிற தண்ணி ஒரு வாரத்துலயோ பத்து நாள்லயோ அவுக வீட்டு வாசலுக்கு வரும்னு அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு. பள்ளிக்கூடம் போன எனக்குத் தெரியலை. அந்தம்மாவை இந்த ஊர்ல யாருக்காவது தெரியுமான்னு விசாரிச்சேன். பேரு தெரியாம எப்படிக் கண்டுபிடிக்கிறது? கருவாட்டம்மான்னுதானே கூப்பிட்டோம்.

இன்னொண்ணும் சொல்லணும். எங்க மாவட்டத்துல சித்திரங்குடி, காஞ்சிரங்குளம், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல்னு நாலு பறவைகள் சரணாலயம் இன்னைக்கு ராம்சார் பட்டியல்ல இருக்கு. 1971-ல ஈரான் நாட்டு ராம்சார் ஊர்ல நாடுகள் கூடிச் செஞ்ச ஒப்பந்தம் அது, உலகத்துல காப்பாத்த வேண்டிய ஈர நிலங்களுக்காக. முதல் ரெண்டும் 2022-ல சேர்ந்துச்சு, அடுத்த ரெண்டும் 2025-ல. நாலுமே மனுஷன் வெட்டின பாசனக் கண்மாய்தான். விவசாயத்துக்கு வெட்டின குளத்துல பறவை வந்து நாட்டுக்கருவேல மரத்துல கூடு கட்டுச்சு. அதே மாதிரி, விவசாயத்துல மிஞ்சின தண்ணியில காரங்காட்டுக் காடு நிக்குது. சரணாலயம்னா வேலி போட்டுத் தனியா வச்ச இடம்னு நினைக்கிறோம். ஆனா அதுக்குத் தண்ணி வர்ற வழி நாப்பது அம்பது ஊரு வழியா வருது. அந்த ஒவ்வொரு ஊருலயும் ஒரு கலுங்கு இருக்கு, அந்தக் கலுங்குல ஒரு ராத்திரி யாராவது விளக்குப் பிடிச்சுக்கிட்டு நிக்கலாம்.

வட்டம் முடிஞ்சு கோவில்கிட்ட வந்து சேர்ந்தோம். எங்க படகு முறையும் வந்துருச்சு. பிள்ளைக ஏறிப் போச்சுக. நான் கரையிலயே இருந்துட்டேன்.

இதை இப்ப எழுதக் காரணம் இருக்கு. எங்க ஊர்ல கலுங்கை ஒரு அடி உசத்தணும்னு பேச்சு ஓடுது. போன மாசம் கூட்டத்துல நான் எந்திரிச்சு, உசத்த வேணாம், தூர் வாருவோம், ஒரு அடி ஆழம் எடுத்தா அதே தண்ணி நிக்கும், மறுகாலும் அதும்பாட்டுக்குப் போகட்டும்னு சொன்னேன். “உசத்துறது பத்து நாள் வேலை, தூர் வார்றது எந்தக் காலத்துல நடக்கும்?”னு கேட்டாங்க. நியாயமான கேள்விதான். என்கிட்ட உடனே பதில் இல்லை. “நீ என்ன காரங்காட்டுக்காரனுக்கு வக்கீலா?”ன்னு ஒருத்தர் கேட்டாரு. சிரிச்சாங்க. அரிக்கேன் விளக்குக் கதையை அங்க சொல்லலாம்னு நினைச்சேன். அப்பா இப்ப இல்லை. அவரோட அன்னைக்கு நின்னவுக ரெண்டு பேரு கூட்டத்துல உக்காந்திருந்தாங்க. சொல்லலை. இங்க எழுதிட்டேன்.

என் பயிரும் தண்ணிக்காகத் தவிக்கிற பயிருதான். கார்த்திகையில மழை நின்னுட்டா எனக்கும் கலுங்கை அடைக்கத்தான் கை வரும். அதை மறைக்க மாட்டேன். ஆனா கடலுக்குப் போறது வீண்ங்கிற வார்த்தையை இனிமே என் வாயால சொல்ல மாட்டேன். சித்திரையில அடுத்த கூட்டம். தூர் வார்றதுக்கு எவ்வளவு ஆகும், வண்டலை யார் யார் வயலுக்கு அடிச்சுக்குவாகன்னு கணக்குப் போட்டுக்கிட்டு இருக்கேன். கணக்கோட போனா கொஞ்சமாவது காதுல வாங்குவாங்க.

நீங்க காரங்காட்டுக்குப் போறதா இருந்தா மழை முடிஞ்சு, மார்கழி, தையில போங்க. படகுல போங்க, நண்டு சாப்பிடுங்க. முடிஞ்சா ஊர் ஆளு ஒருத்தரைக் கூட வச்சுக்கிட்டு வெளி ஓரமா ஒரு சுத்து நடந்தும் பாருங்க. பிளாஸ்டிக்கைப் போட்டுட்டு வராதீக. திரும்பி வர்ற வழியில ஏதாவது ஒரு கண்மாய்க் கரையில வண்டியை நிறுத்தி, அங்க நிக்கிற ஆளுகிட்ட ஒரு வார்த்தை கேளுங்க: “அண்ணே, இந்த வருஷம் உங்க கம்மா மறுகா பாஞ்சுச்சா?”